தட்டைத் திறந்தவர்கள்

தட்டில் இருக்கும் படத்தைக் கணினிக்கு மாற்றும் வேலை என்றாலே தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது திருட்டு விசிடிதான். பர்மா பஜார் சோதனைகள், தயாரிப்பாளர்களின் புகார்கள், போலீஸார் மேசைமேல் அடுக்கிவைத்துப் படம் எடுத்துக்கொண்ட தட்டுக் குவியல்கள் என்று அந்த நினைவு நீளும். 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயக்காரர்கள் இருந்த பட்டியலில் வீடியோ திருடர்களையும் சேர்த்தார்கள். விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். இப்படி ஒரு சூழலில், தட்டைக் கோப்பாக்கும் மென்பொருள் அத்தனையும் கள்ளச்சாவிக் கணக்கில் சேர்ந்துவிட்டதில் வியப்பில்லை. ஆனால் அந்த மென்பொருள்கள் எப்படிப் பிறந்தன, யார் எழுதினார்கள், கடைசியில் யாருக்குப் பயன்பட்டன என்று தேடிப் போனால் வேறு கதை கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்கிய தட்டு எந்தக் கருவியில் ஓட வேண்டும், எத்தனை காலம் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது வாங்கியவரா விற்றவரா என்ற தகராறுதான் அவற்றைப் பிறப்பித்தது. நீதிமன்றங்களில் பெரும்பாலும் விற்றவர் பக்கம் வென்றது. ஆனால் தட்டைப் படிக்கும் அறிவு, தோற்றவர்கள் கையில்தான் இன்று பத்திரமாக இருக்கிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

விசிடியிலிருந்தே தொடங்கலாம். பிலிப்ஸ், சோனி, மாட்சுஷிட்டா, ஜேவிசி ஆகிய நான்கு நிறுவனங்கள் 1993இல் அதன் இலக்கணத்தை வகுத்தன. எம்பெக்-1 முறையில் சுருக்கிய படம், நொடிக்கு 1,150 கிலோபிட். ஒலிக்கு 224 கிலோபிட். நம் ஊர்த் தொலைக்காட்சிக்கு 352க்கு 288 புள்ளிகள். ஒரு தட்டில் 74 நிமிடம். ஹாங்காங் படம் இரண்டு தட்டில் அடங்கிவிடும்; இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு போதாமல் மூன்றாவதும் வேண்டியிருந்தது பல வீடுகளுக்குத் தெரிந்த சங்கதி. அமெரிக்காவில் சீண்டுவாரில்லாமல் போன இந்தத் தட்டு, ஈரக்காற்றில் கேசட் பூஞ்சை பிடித்துப் போகும் ஆசிய ஊர்களில் கொடிகட்டிப் பறந்தது. இதற்குப் பூட்டு எதுவும் கிடையாது. கணினியில் போட்டால் எம்பெக்ஏவி என்ற அடைவுக்குள் டேட் என்ற வால் ஒட்டிய கோப்பு ஒன்று கண்ணுக்குத் தெரியும். அதை வன்தட்டில் நகலெடுத்து, வாலை எம்பிஜி என்று மாற்றினாலே பல மென்பொருள்களில் ஓடிவிடும். மாற்றுவது என்ற வேலையே அங்கு ஏறக்குறைய இல்லை.

ஆனால் விசிடிக்கு ஒரு பலவீனம் உண்டு. கணினித் தரவுக்கான சிடியில் ஒவ்வொரு பகுதியிலும் 2,048 பைட் சரக்கு இருக்கும். மீதி இடம் பிழை திருத்தத்துக்கு. படத்துக்கு இடம் போதாததால், விசிடியில் அந்தக் கூடுதல் பிழை திருத்தத்தை எடுத்துவிட்டு 2,324 பைட் அடைத்தார்கள். இதனால் கீறல் விழுந்த இடத்தில் படம் கட்டங்கட்டமாக உடைந்து உறைந்து நிற்கும். அந்தக் காலத்தில் தட்டை வன்தட்டுக்கு மாற்றியவர்கள் எல்லோரும் விற்பதற்காக மாற்றினார்கள் என்பது சரியல்ல. வாடகைக் கடைக்கும் வீட்டுக்குமாகத் தேய்ந்த தட்டு அடுத்த முறை ஓடுமா என்ற கவலை போதுமான காரணம். எம்பெக்-1 அனைத்துலகத் தர நிறுவனம் அச்சிட்டு வெளியிட்ட பொது இலக்கணமாக இருந்ததால், அதைப் படித்து விரிக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் எழுத முடிந்தது. அதனால்தான் 1993இன் விசிடிக் கோப்பு இன்றைய கைப்பேசியிலும் ஓடுகிறது.

டிவிடி வந்தபோது நிலைமை தலைகீழானது. 1996 நவம்பரில் ஜப்பானிலும், 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த அந்தத் தட்டில் ஓர் அடுக்கில் 4.7 ஜிபி, ஈரடுக்கில் 8.5 ஜிபி, விசிடியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள். கூடவே சிஎஸ்எஸ் என்ற பூட்டும் வந்தது. ஒவ்வொரு பிளேயர் தயாரிப்பாளருக்கும் உரிமம் வாங்கினால் ஒரு சாவி. ஒவ்வொரு தட்டிலும் அந்தத் தட்டின் சொந்தச் சாவியை நானூறுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர் சாவிகளால் தனித்தனியே பூட்டிவைத்திருந்தார்கள். போதாததற்கு உலகத்தை மண்டலங்களாகப் பிரித்தார்கள். அமெரிக்கா ஒன்று, இந்தியா ஐந்து. நியூஜெர்சியில் விலை கொடுத்து வாங்கிய தட்டு சென்னையில் வாங்கிய பிளேயரில் ஓட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பது இதன் பொருள். திருட்டைத் தடுக்க இந்த ஏற்பாடு என்றார்கள். மண்டலப் பிரிவினை எந்தத் திருட்டைத் தடுக்கும் என்பது விளங்காத விஷயம். தடுப்பது, ஒரு நாட்டில் வாங்கி இன்னொரு நாட்டில் பார்ப்பதை மட்டும்தான்.

லினக்ஸ் பயன்படுத்தியவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. மூல நிரலைத் திறந்துவைக்கும் மென்பொருளுக்கு, சாவியை மறைத்துவைக்கச் சொல்லும் உரிமம் எப்படிப் பொருந்தும்? 1999 அக்டோபரில் டிசிஎஸ்எஸ் என்ற சிறிய நிரல் வெளியானது. ஸிங் என்ற நிறுவனத்தின் கணினி பிளேயரில் சாவியைச் சரியாக மறைக்காமல் விட்டிருந்தார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் பூட்டின் அமைப்பு வெளியே வந்தது. வெளியிட்ட மூவரில் வெளியே பெயர் தெரிந்தவர் நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன், அப்போது வயது 15. சில வாரங்களிலேயே ஃபிராங்க் ஸ்டீவன்சன் என்பவர், இந்த 40 பிட் பூட்டை எந்தத் தயாரிப்பாளர் சாவியும் இல்லாமல், சாதாரணக் கணினியில் சில நொடிகளில் திறக்க முடியும் என்று கணித முறையில் காட்டினார். அதன் பிறகு, கசிந்த சாவியை ரத்து செய்வதால் பயன் எதுவும் இல்லாமல் போயிற்று. பூட்டு என்ற பெயர் மட்டும் மிஞ்சியது.

வழக்குகள் இரண்டு கண்டங்களில் நடந்தன. இரண்டிலும் தீர்ப்பு வேறு. நியூயார்க்கில் 2600 என்ற ஏட்டின்மீது எட்டு பட நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், 2000 ஆகஸ்டில் நீதிபதி லூயிஸ் கேப்லன் அந்த நிரலைப் பரப்பத் தடை விதித்தார். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, தட்டு உங்களுடையதா, பார்ப்பது சொந்தத் தேவைக்கா என்பதெல்லாம் கேள்வியே அல்ல. பூட்டைத் திறக்கும் கருவியைப் பரப்பினாலே குற்றம். ஆஸ்லோவில் கதை வேறு. அங்கு தன்மீது நடந்த வழக்கிலிருந்து 2003 ஜனவரியில் யோஹான்சன் விடுதலையானார். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தும் அந்த ஆண்டு டிசம்பரில் அதே முடிவுதான். விலைக்கு வாங்கிய தட்டைத் தன் விருப்பப்படி பார்க்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு, விற்றவர் வகுத்த வழியில்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது அந்த நீதிமன்றங்களின் நிலை.

யோஹான்சனுக்கு எதிராக வைத்த வாதங்களில் ஒன்றை மட்டும் தட்டிக்கழிக்க முடியாது. லினக்ஸில் டிவிடி பார்க்கத்தான் எழுதினோம் என்றால், டிசிஎஸ்எஸ் ஏன் விண்டோஸில் ஓடும் நிரலாக இருந்தது? டிவிடியில் கோப்புகளை அடுக்கிய முறையை அன்றைய லினக்ஸ் சரிவரப் படிக்கவில்லை, அதனால் விண்டோஸில் சோதித்தோம் என்பது பதில். கேப்லன் அதில் மனம் இளகவில்லை. எனக்கு அந்தப் பதில் ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது, ஏனென்றால் பின்னால் நடந்தது அதை உறுதிசெய்கிறது. பாரிஸ் எக்கோல் சாந்த்ரால் மாணவர்களின் கல்லூரித் திட்டமாகத் தொடங்கிய விஎல்சி, 2001 பிப்ரவரியில் கட்டற்ற மென்பொருளாக வெளியானது. அதே குழு எழுதிய லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்ற சிறு நிரல் நூலகம், களவாடிய சாவி எதுவும் இல்லாமலேயே தட்டைத் திறந்தது. இன்று லினக்ஸில் டிவிடி ஓடுகிறதென்றால் பெரும்பாலும் அந்த நூலகத்தின் தயவால்தான்.

திறந்த தட்டை எங்கே வைப்பது? 2000இல் ஆறேழு ஜிபி என்பது பல வீட்டுக் கணினிகளின் வன்தட்டில் பாதி. மலிவாகக் கிடைத்தது 700 எம்பி சிடி ஒன்றுதான். இங்கேதான் மாற்றும் வேலை ஒரு தொழில்நுணுக்கமாக வளர்ந்தது. மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கோப்புவகைக்குள் மட்டும் அடைத்துவைத்திருந்த எம்பெக்-4 சுருக்கியைப் பிரான்ஸைச் சேர்ந்த ஜெரோம் ரோட்டா 1999இல் கட்டவிழ்த்து, சாதாரண ஏவிஐ கோப்பிலும் வேலை செய்யவைத்தார். டிவ்எக்ஸ் என்று அதற்கு வைத்த பெயரே கிண்டல்தான். வாங்கிய தட்டு முதல் முறை ஓட்டியதிலிருந்து 48 மணி நேரத்தில் காலாவதியாகும் என்ற நிபந்தனையோடு அமெரிக்காவில் விற்று, 1999 ஜூனில் மூடிய ஒரு வியாபாரத்தின் பெயர் அது. ரோட்டா ஒரு சிமிட்டும் முகக்குறியையும் பின்னால் சேர்த்துக்கொண்டார். ஏவரி லீ எழுதிய விர்ச்சுவல்டப் வெட்டி ஒட்டவும் சுருக்கவும் உதவியது. அதன்பின் எல்லாம் கணக்கு. இரண்டு மணி நேர ஆங்கிலப் படம் 700 எம்பியில் அடங்க நொடிக்குச் சுமார் 800 கிலோபிட் கிடைக்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்குச் சுமார் 650தான். ஒலிக்கு 128 போனால் படத்துக்கு 520. டிவிடியில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் ஐந்தாறு பாடல்கள் வேறு. எம்பெக் குடும்பம் முழுவதுமே, முந்தைய சட்டகத்திலிருந்து எது மாறியது என்பதை மட்டும் எழுதிவைத்து இடம் மிச்சம் பிடிக்கும் முறை. இருவர் உட்கார்ந்து பேசும் காட்சியில் அது மிகவும் சிக்கனம். மழையும் ஐம்பது பேர் நடனமும் நொடிக்கொரு வெட்டுமாக வரும் பாட்டில் எல்லாமே மாறிக்கொண்டிருக்கும், பிட்டுகள் கரைந்துவிடும். முதல் ஓட்டத்தில் படம் முழுவதையும் அளந்து, இரண்டாவது ஓட்டத்தில் பேச்சுக் காட்சியில் மிச்சம் பிடித்ததைப் பாட்டுக்குக் கொடுக்கும் இரட்டை ஓட்ட முறை வந்தது இதைச் சமாளிக்கத்தான். ஒரு படத்துக்கு ஓர் இரவு முழுதும் கணினி ஓடும். அப்படியும் பலர் தமிழ்ப் படத்தை இரண்டு சிடியாகவே வைத்தார்கள்.

இந்தப் பட்டறையிலிருந்து வந்தவற்றில் மிக முக்கியமானது எஃப்எஃப்எம்பெக். ஃபாப்ரிஸ் பெல்லார் 2000இல் ஒரு புனைபெயரில் தொடங்கினார்; பின்னர் மைக்கேல் நீடர்மையர் போன்றவர்கள் வளர்த்தார்கள். வழக்கொழிந்த வீடியோ விளையாட்டுக் கோப்பு முதல் தொலைக்காட்சி நிலையக் கேமரா கோப்பு வரை எதை நீட்டினாலும் படிக்க வேண்டும் என்பது அந்தக் குழுவின் பிடிவாதம். ஆவணம் கிடைக்காத கோப்புவகைகளை, பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். 2003இல் எரிக் பெட்டி தொடங்கிய ஹேண்ட்பிரேக், இத்தகைய நிரல் நூலகங்களுக்கு முகம் கொடுத்துச் சாதாரணமானவரும் ஒரு பொத்தானை அழுத்தி டிவிடியைக் கோப்பாக்க வழிசெய்தது. அதன் 1.0 பதிப்பு வெளிவர 2016 டிசம்பர் ஆனது. பதின்மூன்று ஆண்டுகள் அவசரமே படாமல் வேலை பார்த்திருக்கிறார்கள். எச்.264 முறையில் சுருக்கும் எக்ஸ்264 நிரலும் இதே காலத்துப் பிள்ளை. தட்டு மாற்றும் ஆர்வலர்களுக்காக மெருகேறிய அந்த நிரலைப் பின்னாளில் இணைய வீடியோத் தொழில் தயக்கமில்லாமல் எடுத்துக்கொண்டது. யூடியூப் போன்ற தளங்களில் ஏற்றும் வீடியோவைப் பிரித்துப் படிக்கும் இடத்திலும் எஃப்எஃப்எம்பெக் இருக்கிறது.

இதனால் திருட்டு வளர்ந்ததா? வளர்ந்தது, மறுத்துப் பேசுவது நேர்மையாகாது. டிவ்எக்ஸ் கோப்புகள் இணையத்தில் சுற்றியதற்குக் காரணம் அவை சிறியவை என்பதுதான். ஆனால் எந்தத் திருட்டு, எந்தப் பூட்டால் நின்றிருக்கும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். திரையரங்கில் கேமரா வைத்து எடுத்த படம் விசிடியாகச் சந்தைக்கு வந்தது. அதில் உடைப்பதற்குப் பூட்டே இல்லை. டிவிடியை ஆலையில் அப்படியே அச்சடிப்பவருக்கும் சிஎஸ்எஸ் தடையல்ல, ஏனென்றால் பூட்டும் சாவியும் சேர்ந்தே நகலாகிவிடும். அது தடுத்தது வீட்டில் எழுதும் வெற்றுத் தட்டை. அவற்றில் சாவி இருக்க வேண்டிய பகுதியில் எழுத முடியாதபடி செய்திருந்தார்கள். ஆக, மொத்த வியாபாரிக்கு இடைஞ்சல் இல்லை, வாங்கியவருக்கு மட்டும் இடைஞ்சல். பூட்டைவிட விலை என்ன செய்யும் என்பதை 2007இல் மோசர் பேயர் என்ற நிறுவனம் காட்டியது. 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று தமிழ்ப் படங்களை இறக்கி, திருட்டுத் தட்டு விற்ற விலைக்கே அசல் தட்டைக் கொடுத்தது. திருட்டுத் தட்டை நேரடியாக விலையில் எதிர்கொண்ட முயற்சி அது. அந்த நிறுவனத்தைக் கலைக்க 2018இல் உத்தரவானது. வீடுகளில் கிடக்கும் அதன் தட்டுகள் கெட்டுப்போனால் மாற்றுத் தட்டு கேட்கப் போக இடம் இல்லை.

மாற்றினால் தரம் குறையுமே, இதைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது என்பது அடுத்த ஆட்சேபம். தொழில் தெரிந்தவர்கள் சொல்வது, நியாயமானதும்கூட. ஏற்கெனவே சுருக்கிய படத்தை மீண்டும் சுருக்கினால், முதல் சுருக்கத்தின் கறைகளையும் படத்தின் பகுதியாக நினைத்து இரண்டாவது சுருக்கி இடம் செலவழிக்கும். 2001இல் ஒரு சிடிக்குள் அடைத்த படங்களில் பலவற்றை இன்று பார்க்கக் கண் கூசுகிறது. அந்தக் கோப்புகளை யாரும் பொக்கிஷம் என்று சொல்லத் தேவையில்லை. மிஞ்சியது கோப்பு அல்ல, படிக்கும் நிரல். அதை நன்றாகக் காட்டுவது எஃப்எஃப்வி1. எதையும் இழக்காமல் சுருக்கும் இந்த முறையை நீடர்மையர் 2003 வாக்கில் எஃப்எஃப்எம்பெக்குக்காக எழுதினார். இடம் ஏராளமாகப் பிடிக்கும். படம் பார்ப்பவருக்கு உதவாது. ஆஸ்திரியாவின் தேசிய ஒலி-ஒளி ஆவணக் காப்பகம் அதை எடுத்துக்கொண்டது. வேறு காப்பகங்களும் பின்தொடர்ந்தன. 2021இல் இணையப் பொறியாளர்களின் தர அமைப்பு அதன் இலக்கணத்தை முறையாக வெளியிட்டது. அரசுக் காப்பகங்கள் கேசட்டுகளைக் கோப்பாக்க நம்பும் முறை, டிவ்எக்ஸ் காலத்து ஆர்வலர்களின் பட்டறையிலிருந்து வந்திருக்கிறது.

உரிமம் பெற்ற வழியில் படிப்பதற்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது டிவிடி ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் பொதுப் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டது. டிவிடிப் படத்தைச் சுருக்கும் எம்பெக்-2 முறைக்கு, ஒவ்வொரு கணினிக்கும் காப்புரிமைக் கட்டணம் இரண்டு டாலர் கட்ட வேண்டியிருந்தது. தட்டு இயக்கியே இல்லாத கணினிக்கு எதற்கு என்ற கணக்கு. விண்டோஸ் 10இல் அதே வசதியைத் தனியாக 15 டாலருக்கு விற்றார்கள், விஎல்சி இலவசம். அல்ட்ரா எச்டி ப்ளூ-ரேயின் கதை இன்னும் மோசம். அந்தத் தட்டைக் கணினியில் பார்க்க, இன்டெல் சில்லுக்குள் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்புப் பெட்டகம் இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை. பதினொன்றாம் தலைமுறை மேசைக்கணினிச் சில்லுகளிலிருந்து இன்டெல் அதை நீக்கிவிட்டது. சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்து, விலையுயர்ந்த தட்டும் உரிமம் பெற்ற மென்பொருளும் வாங்கிய ஒருவர், புதுக் கணினி வாங்கிய அன்றே அந்தத் தட்டைப் பார்க்க முடியாதவராகிவிட்டார். பூட்டை உடைத்துக் கோப்பாக்கியவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

இப்போதுதான் எல்லாம் ஓடிடியில் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கும் வரை கிடைக்கும். உரிமக் காலம் முடிந்தால் படம் தளத்திலிருந்து போய்விடும். எந்தப் படம் எப்போது போகலாம் என்று சந்தா கட்டுபவரிடம் யாரும் கேட்பதில்லை. தட்டில் ஓரளவாவது இருந்த உரிமை அங்கு அறவே இல்லை.

இந்தியச் சட்டம் இந்தத் தகராறில் எங்கே நிற்கிறது? 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65அ பிரிவு, அமெரிக்கச் சட்டத்தைவிட நிதானமானது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம். இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும். சட்டம் தடைசெய்யாத காரியத்துக்காக உடைத்தால் குற்றமில்லை. அப்படி உடைக்க இன்னொருவருக்கு உதவுபவர், உதவி பெற்றவரின் பெயர், முகவரி, நோக்கம் முதலியவற்றைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை உண்டு. பழைய கேசட்டையும் தட்டையும் பென்டிரைவுக்கு மாற்றித் தரப்படும் என்று பலகை மாட்டியிருக்கும் ஸ்டுடியோக்காரருக்கு, பூட்டிய டிவிடி ஒன்று வந்தால், இந்த நிபந்தனை பொருந்தும். அதே திருத்தம் பொது நூலகங்களுக்கும் ஒரு சலுகை தந்தது: பாதுகாப்புக்காக ஒரு படைப்பை மின்னணு முறையில் சேமித்துவைக்கலாம், நூலகத்திடம் அதன் டிஜிட்டல் அல்லாத பிரதி ஏற்கெனவே இருந்தால். அதாவது விஎச்எஸ் கேசட்டில் இருக்கும் படத்தை நூலகம் கோப்பாக்கி வைக்கலாம். அலமாரியில் அதன் பக்கத்தில் இருக்கும் விசிடியும் டிவிடியும் டிஜிட்டல் பிரதிகள். அவற்றுக்கு அந்தச் சலுகை எட்டாது.